முட்டைக்கு முறுக்கு

ஆறு மாதம் ஆபிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?"

இல்லை என்றேன்.

"சாப்பாடு?"

நான்தான் சமைக்க வேண்டும் என்றேன்.

"பிளேன் ரிக்கற்?"

பாதி தொண்டுச் சங்கம் தரும், பாதி என் கையிலிருந்து என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப, காசும் குடுத்து, வேலையும் செய்து, சமைச்சும் சாப்பிடப் போறாய். இதை இஞ்சை லா சப்பலிலை செய்யேலாதே?"

அம்மா அப்போது பாரிசின் லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் வேலைக்கு நின்றார். மரக்கறி, அரிசி, சாம்பிராணி, வெளிநாட்டுக்குக் கதைக்கும் டெலிபோன் கார்ட் எல்லாம் விற்கும் கடை. மகள் சும்மா வேலை செய்யப் போகிறாள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கு ஐநாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவைத்துவிட்டார். எனக்கு இது தெரியாது. ஒரு நாள் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கட்டுக் கடதாசியோடு என்னை மறித்து, "தங்கச்சி, என்ரை அகதிக் கேஸை மூண்டு முறை ரெஜே பண்ணிப்போட்டாங்கள். உங்கடை ஐநாவிலை அதைப் பற்றி ஒருக்காக் கதைப்பியளோ?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடதாசிகளை வாங்கி வாசித்து, ஒரு வழக்கறிஞரின் இலக்கத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு அம்மாவோடு பெரிய சண்டை. படிப்பு முடித்த இருபத்தைந்து வயதுப் பெண் தாயோடு போடக்கூடிய முழுச் சண்டையும் போட்டேன். அம்மா அசையவில்லை. "ஐநாவும் சும்மாதானே இருக்குது. என்ன வித்தியாசம்?" என்றார்.

நான் போன ஊர் மேற்குக் கென்யாவில். ஏரிக்கரைப் பட்டினத்திலிருந்து மூன்று மணி நேரம், கடைசி ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளின் பின்னால். ஒரு சிறிய மருந்தகம், அதற்கு ஒரே ஒரு தாதி. ஐம்பது வயது மெலிந்த மனிதர், பகிடி விடும்போதும் முகத்தில் ஒரு கோடு மாறாது. நோயாளிகளின் கொப்பிகளில் இருப்பதையெல்லாம் கணினியில் ஏற்றுவது என் வேலை. வெயில் மனம் வைத்தால் நாளுக்கு நாலு மணி நேரம் மின்சாரம் இருக்கும். மழை நாளில் நானும் கணினியும் சேர்ந்து சும்மா இருப்போம்.

பாரிசிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று சங்கம் அறிவித்திருந்தது. ஊரே திரண்டு வந்திருந்தது. நான் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினேன். எல்லோரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் யாரும் வரவில்லை. தாதி என்னைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாரிஸ்?" என்றார்.

"பாரிஸ்" என்றேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அந்தப் பக்கத்துப் பட்டினங்களில் சீனி, சவர்க்காரம், கூரைத்தகடு விற்கும் பெரிய கடைகள் எல்லாம் குஜராத்தி முதலாளிகளுடையவை. என்னைப் போல முகம் வந்து இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கடை வரப்போகிறது. ஊரார் என்னை முஹிந்தி, அதாவது இந்தியக்காரி, என்று அழைத்தார்கள். கடை எப்போது திறக்கும் என்று மரியாதையாக விசாரித்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு பெண் எண்ணெய் வாங்க வெறும் போத்தலோடு என் வாசலில் நின்றார். கடை இல்லை, கொப்பி எழுத வந்திருக்கிறேன் என்று கையால் எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, கடன் எழுதும் கொப்பி என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப ஒரு கடையைப் போடன். ஆர் வேண்டாமெண்டது?" என்றார்.

என் அறைக்கு அடுத்த வேலி ஒரு பெண்ணுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் மொம்பாசாத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் நாலு பிள்ளைகள். நான் அவரை மனதுக்குள் அக்கா என்றே அழைத்தேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கடைசிப் பிள்ளை ஒன்றரை வயதுப் பெண். வயதுக்கேற்ற எடை இல்லை. தாதி அந்தப் பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையால், நாளுக்கு ஒரு முட்டை என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அக்காவிடம் இரண்டு பேட்டுக்கோழிகள். ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது, மற்றது முட்டையிட்டது. பிள்ளையின் எடை எட்டுக் கிலோ இருநூறு கிராம். அந்த எண்ணை என் கையாலேயே கணினியில் ஏற்றினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூத்தில் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த நான் இதை மட்டும்தான் மறந்தேன்.

வந்து நாலாம் நாள் அக்கா ஓர் எனாமல் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். நீல விளிம்பு, உள்ளே சிவப்புப் பூ, மேலே துணி. துணிக்குள் அவித்த வத்தாளங்கிழங்கு, ஆவி பறக்க. நாலு கிழங்கை நின்ற நிலையிலேயே தின்றேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்ட கால் வாசலில் நின்றுவிட்டது.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அயல் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. பாரிசில் எங்கள் மாடிக்கட்டடத்தில்கூட அம்மா இரண்டு கிளெமென்டைன் தோடம்பழமாவது போடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததில்லை. போடுவதற்கு ஒன்றும் இல்லாததால் மாதக்கணக்காக எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட டப்பாக்களும் உண்டு. என் அறையில் அப்போது இருந்தது சீனி மட்டும். அரைக் கிலோ சீனியைக் கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தேன். அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் விடிய மூன்று பெண்கள் தகரப் பேணிகளோடு சீனி வாங்க வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கிண்ணம் திரும்பி வந்தது, வறுத்த கச்சான் கடலை நிறைய. நான் பிஸ்கட் போட்டேன். கிண்ணம் அவகாடோவோடு வந்தது. நான் பாரிசிலிருந்து கொண்டுபோய் உருகிப்போன சொக்லேட்டைப் போட்டேன். பயறு வந்தது. பேரீச்சம்பழம் போட்டேன். சின்ன மீன் வந்தது. மூன்றாவது வாரம் தாதியிடம் கேட்டேன், இது எப்போது முடியும் என்று.

"எங்களிடம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இல்லை" என்றார். "உங்களிடம்?"

"எங்களிடமும் இல்லை."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அப்படியானால் முடியாது."

முன்னர் வந்த தொண்டர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வெள்ளைக்காரர்களால் இந்தச் சிக்கல் வருவதில்லை என்றார். நன்றாகக் கழுவி, நன்றி சொல்லி, வெறுமையாகத் தந்துவிடுவார்கள். பழக்கம் தெரியாதவர்கள் என்று ஊரும் மன்னித்துவிடும். கடைசியாக வந்த ஜெர்மன் பெண் கிண்ணம் அழகாக இருக்கிறது என்று தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டாளாம். ஆக, அக்காவுக்கும் இப்படி ஒரு முஹிந்தி வந்து வாய்த்தது முதல் தடவை. அவரும் விடுவதாக இல்லை.

அது எங்கள் குடும்பத்துக்குள் வாட்ஸ்அப் நுழையாத காலம். சனிக்கிழமை பின்னேரங்களில் மருந்தகத்துக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறி நிற்பேன். அங்கேதான் அலை பிடிக்கும். அம்மா கடையிலிருந்து கார்ட் போட்டு எடுப்பார். முருங்கைக்காய் நிறுக்கும் கையால் போனைப் பிடிக்க முடியாதென்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். சனிக்கிழமை என்றால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. லா கூர்னெவிலிருந்து, ஓல்னேயிலிருந்து எல்லாம் ரயிலேறி வாரச் சாமான் வாங்க வந்து நிற்பவர்கள் அத்தனை பேரும் என் கிண்ணத்தின் கதையைக் கேட்டார்கள். அபிப்பிராயமும் சொன்னார்கள். அதில் ஓல்னே அன்ரி ஒருவர். நான் அவரை நேரில் கண்டது இரண்டு தடவைதான், ஆனால் அந்த ஆறு மாதமும் என்னை நடத்தியவர் அவர்தான்.

"இந்த முறை என்ன தந்தவ?" அம்மா.

"மீன்."

"அதுக்கு முதல் அவகாடோவுக்கு நீ என்ன குடுத்தனி?"

"சொக்லேட். கச்சானுக்குப் பிஸ்கட்."

"கடைப் பிஸ்கட்டோ?" இது ஓல்னே அன்ரி. "பிள்ளை, அவ தன்ரை தோட்டத்திலை புடுங்கித் தந்திருக்கிறா. நீர் பைக்கற்றை உடைச்சுக் குடுத்திருக்கிறீர். எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"அன்ரி, அவைக்கு எங்களைத் தெரியாது."

"அதுதான் சொல்லுறன். தெரியாத ஆக்களிட்டைத்தான் மரியாதையா நடக்கோணும்."

இப்படித்தான் பாரிசில் முட்டை அவிக்கவும் தெரியாமல் இருந்த நான் கென்யாவில் சமைக்கப் பழகினேன். பாறையில் நின்று குறித்துக்கொண்டு வந்து, அந்த ஊர்ப் பயற்றை ஊறவைத்து அரைத்து வடை சுட்டேன். முதல் வடையை எறிந்திருந்தால் நாய் செத்திருக்கும். இரண்டாம் தடவை பரவாயில்லை. வேலியோரம் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கிண்ணம் நிறைய வடையை அக்கா வாங்கி, ஒன்றைக் கடித்து, கண்ணை மூடித் தலையாட்டினார். ஒரு பரீட்சையில் பாஸ் பண்ணிய மாதிரி இருந்தது.

அடுத்த கிண்ணத்தில் ஏழு முட்டைகள் வந்தன.

"ஏழு முட்டையோ!" ஸ்பீக்கரில் கடை முழுக்க ஓர் அதிர்வு. "அது பெரிய மரியாதையல்லோ" என்றார் ஓல்னே அன்ரி. அம்மாவுக்கு வீறாப்பு வந்துவிட்டது. முட்டைக்கு வடை போதாது என்று அவர் தீர்மானித்தார். சங்கத்திலிருந்து ஒரு டொக்டர் புறப்படவிருந்தார். அவரை அலுவலக வாசலிலேயே மறித்து, மூன்று கிலோ முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொடுத்துவிட்டார். அதுவும் மூடியோடு ஓர் எவர்சில்வர்ப் பாத்திரத்தில். "நல்ல பாத்திரத்திலை போட்டுக் குடு. உந்த எனாமலிலை குடாதை" என்று உத்தரவு. அப்படியே கொடுத்தேன், எனாமலையும் வெறுமனே விடாமல் கொஞ்சம் பணியாரத்தோடு. ஒரு வாரத்தில் எனாமலும் வந்தது, எவர்சில்வரும் வந்தது, இரண்டிலும் முட்டை. தாதி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "இப்போது இரண்டா?" என்று மட்டும் கேட்டார்.

எனாமலை மிச்ச முறுக்கோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் அந்த முட்டைகளைச் சாப்பிட்டேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. காற்சட்டை இடுப்பில் இறுகத் தொடங்கியது. ஆபிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போய்க் கொழுத்துத் திரும்பப்போகும் முதல் ஆள் நான்தான் என்று கடையில் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை, மாதமொருமுறை எடை பார்க்கும் நாள். மருந்தக விறாந்தையின் வளைமரத்தில் தராசைக் கொளுவி, பிள்ளைகளை ஒரு துணிக் காற்சட்டையில் இறக்கித் தொங்கவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஊரைக் கூட்டும். தாதி எண்ணைச் சொல்ல நான் அடிப்பேன். அக்காவின் பிள்ளையைத் தூக்கிப் போட்டார்கள். அது அழவில்லை. கையில் ஏதோ வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏழு தொள்ளாயிரம்" என்றார் தாதி.

அடித்தேன். திரையில் கோடு கீழே வளைந்தது.

"முட்டை கொடுக்கிறாயா?" என்று தாதி அக்காவிடம் கேட்டார். கொடுக்கிறேன் என்றார் அக்கா. சொல்லும்போது கூரையைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அதன் கையில் இருந்தது அம்மா சுட்ட முறுக்கு.

எல்லோரும் போனபின் தாதி தராசைக் கழற்றிக்கொண்டே சொன்னார், அந்தப் பிள்ளை இப்போது கஞ்சியே குடிப்பதில்லையாம், உங்கள் பலகாரம் வேண்டுமென்று அழுகிறதாம். அவர் குற்றஞ்சாட்டவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பிள்ளையின் முட்டையை நான் தின்றேன். அதன் கஞ்சிக்கு நடுவே என் முறுக்கைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டையும் எட்டுக் கிலோ இருநூறு என்று என் கையால் எழுதிய பிறகே செய்தேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

நீங்கள் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் தர வேண்டாமென்று சொல்லுங்கள் என்று தாதியைக் கெஞ்சினேன்.

"விருந்தாளிக்குக் கொடுக்காதே என்று நான் அவளிடம் சொன்னால், அடுத்த எடை நாளுக்குப் பிள்ளையைக் கொண்டுவரமாட்டாள்" என்றார். "எனக்கு அவள் இந்த விறாந்தைக்கு வர வேண்டும். நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்."

வழி பார்த்தேன். என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்ற நினைப்பில் பார்த்தேன். எங்கள் சமயத்தில் முட்டை சாப்பிடக்கூடாது என்று அக்காவிடம் ஒரு பச்சைப் பொய் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஐம்பது சுவாஹிலிச் சொல்லில் முப்பதை அதற்குச் செலவழித்தேன். அக்கா வாயில் கையை வைத்தார். இத்தனை நாளும் விலக்கப்பட்ட ஒன்றையா கொடுத்திருக்கிறேன் என்று பதறிப்போனார். பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, காரியம் முடிந்தது என்று அறைக்குள் வந்து படுத்தேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சனிக்கிழமை காலை அக்கா கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்துக்குள் கால் கட்டிய கோழி. முட்டையிடும் அந்தப் பேட்டுக்கோழி. முட்டை கொடுத்த பிழைக்குப் பரிகாரமாம். நான் வேண்டாம் வேண்டாமென்று பின்வாங்க, அவர் அதைத் திண்ணமாக என் கைகளில் வைத்துவிட்டுப் போனார். தாதியிடம் ஓடினேன். அவர் கோழியைப் பார்த்தார்.

"முட்டை கூடாது என்றுதானே சொன்னீர்கள்? கோழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. போன மாதம் விருந்தில் நீங்கள் இரண்டு கால் சாப்பிட்டதை ஊரே பார்த்தது."

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாறையில் ஏறினேன். அம்மாவின் அழைப்பு வந்தது. நான் வாய் திறக்கும் முன்னே கோழி திறந்தது.

"என்ன சத்தமது?"

"கோழி. அவ கோழியைத் தந்திட்டா அம்மா."

கடைக்குள் ஒரு கோலாகலம். "நாட்டுக்கோழியெல்லோ!" என்றார் ஓல்னே அன்ரி. "மிளகு கொஞ்சம் கூடப் போடும், தண்ணியை அளவா விடும்." யாரோ ஓர் ஆண்குரல் இஞ்சியைக் கடைசியில் போடச் சொன்னது. இன்னொருவர் முதலில் என்றார். அங்கே ஒரு வாக்குவாதம். அம்மா அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். "கோழிக்கு நாங்கள் என்ன குடுக்கிறது? பிள்ளை, அங்கை ஆடு என்ன விலை?"

அப்போதுதான் கத்தினேன். அந்தப் பாறை அதிரக் கத்தினேன். பிள்ளையின் எடையை, சிவப்பு மையை, நான் தின்ற முட்டைகளை, முறுக்கை, எல்லாவற்றையும். ஏழு தொள்ளாயிரம், ஏழு தொள்ளாயிரம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடை அடங்கிவிட்டது. பிறகு ஸ்பீக்கர் நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்னால், அரிசி மூட்டை அடுக்கும் அறைக்குப் போயிருக்க வேண்டும். அவருடைய குரல் கிட்ட வந்தது.

"உனக்கு அப்ப ஒண்டரை வயசு" என்றார். "ஷெல்லடிக்கு ஓடிப்போய் ஒரு ஊரிலை ஒரு சின்ன அறையிலை இருந்தனாங்கள். பக்கத்து வீட்டு மனிசி பின்னேரத்திலை ஒரு சட்டி கஞ்சி கொண்டுவந்து தருவா. நல்ல மனிசி. நான் அவவின்ரை சட்டியை ஒருநாளும் வெறுமனே குடுக்கேல்லை."

"என்னத்தைப் போட்டுக் குடுத்தனீங்கள்?"

"உன்ரை பால்மா."

கோழி கக்கத்தில் அசைந்தது.

"வேறை என்ன கிடந்தது எங்களிட்டை? ரெண்டு கரண்டி, மூண்டு கரண்டி, ஒரு கடதாசியிலை சுத்திச் சட்டிக்குள்ளை வைச்சுக் குடுப்பன். அவவுக்கு என்ன தெரியும்? இவையிட்டை பால்மா கிடக்குதாக்கும் எண்டு வாங்குவா. நீ ராவிலை அழுவாய். நான் தண்ணியைக் கூடவிட்டுக் கரைப்பன். எனக்கொரு மானம், பார்."

அப்போது கார்ட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று பிரெஞ்சில் அறிவித்தாள். அம்மா அவளையும் தாண்டிக் கதைத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வெட்டுப்பட்டது. நான் பாறையில் இருந்தேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு திரும்பவும் அடித்தது.

"வேறை கார்ட் சுரண்டினனான். கேட்டதே?"

"இல்லை."

"கோழி தந்த மனிசி நிப்பாட்டாது எண்டு சொன்னனான். நான் நிப்பாட்டேல்லை. ஆரும் சொல்லியிருந்தாலும் நிப்பாட்டியிருக்கமாட்டன். நீ கிண்ணத்தை வெறுமனே குடு."

என் அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அம்மா, என்னைப் பற்றி என்ன நினைப்பா?"

"பழக்கவழக்கம் தெரியாதவள் எண்டு நினைப்பா. நினைச்சால் என்ன, தேய்ஞ்சோ போவாய்? போ, போய்க் குடு."

இறங்கி வந்து முதலில் கோழியின் கட்டை அவிழ்த்தேன். கோழிக்கு மரியாதையும் தெரியாது, பரிகாரமும் தெரியாது. செட்டையை ஒருமுறை உதறிவிட்டு வேலிக்குக் கீழால் நேரே தன் வீட்டுக்கு நடந்தது. அதற்குப் பின்னால் நான், கழுவித் துடைத்த கிண்ணத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. பத்து அடி தூரம். அவ்வளவு பாரமான ஒன்றை நான் சுமந்ததில்லை.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்தார். சிரித்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினார். உள்ளே பார்த்தார். ஏதாவது துணிக்குக் கீழே இருக்கிறதா என்று தேடத் துணியும் இல்லை. பிள்ளை குனிந்து கிண்ணத்துக்குள் கையை விட்டு முறுக்குத் துழாவியது. நான் நன்றி என்றேன். ஜெர்மன்காரி எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படி, பல்லைக் காட்டிக்கொண்டு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோழியை வாங்கிக்கொண்டு வெறுங்கிண்ணம் தருகிறவளைப் பார்க்கும் பார்வை. வெள்ளைக்காரிக்கு இருக்கும் மன்னிப்பு எனக்கு இல்லை. நான் பழக்கம் தெரிந்தவள் என்பதை நானே இரண்டு மாதமாக நிரூபித்திருந்தேன். "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போனார். கோழி அவருடைய வாசலில் நின்று கிளறியது. அதைப் பிடித்து மறுபடி என்னிடம் கொண்டுவர அவர் வரவில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு யார் கோழி கொடுப்பார்கள்?

அதன் பிறகு கிண்ணம் வரவில்லை. அந்த ஊரில் வணக்கம் சொல்வதே ஐந்து நிமிட வேலை. வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா, தூக்கம் சுகமா என்று போகும். அக்கா எனக்கு அதை ஒரு சொல்லாகச் சுருக்கிவிட்டார். சீனி கேட்டு வருவோரும் குறைந்தார்கள். அந்த முஹிந்தி கடை வைத்தாலும் நிறுவையில் ஏமாற்றுவாள் என்று ஊரில் பேச்சாம். தாதி எனக்கு ஒன்றுவிடாமல் வந்து சொன்னார். சொல்லிவிட்டு முதல் தடவையாகத் தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினார். இரவில் எனக்கு அழுகை வந்தது. வேலிக்கு அப்பால் அக்காவின் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். வடை மணத்துக்கு இப்போது யாரும் வரிசையில் நிற்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை எழுந்திருக்கிறேன். சொன்னால் அவருடைய மானம். சொல்லாவிட்டால் என்னுடையது. பேசாமல் படுத்தேன்.

அடுத்த எடை நாள் வந்தது. பிள்ளையைத் துணிக்குள் இறக்கினார்கள். இம்முறை கையில் ஒன்றுமில்லை, ஆகவே தொண்டை கிழிய அழுதது.

"எட்டு நானூறு" என்றார் தாதி.

அடித்தேன். கோடு மேலே போனது. அக்கா கணினிப் பக்கம் பார்க்கவேயில்லை. பிள்ளையைத் தூக்கி, அதன் மூக்கைத் துடைத்து, என்னைக் கடந்து போனார்.

சனிக்கிழமை பாறையில் நின்று எண்ணைச் சொன்னேன். அம்மா கடை முழுக்கக் கேட்க, "எட்டு நானூறாம்!" என்று கத்தினார். யாரோ கை தட்டினார்கள். அப்போது எனக்குள்ளிருந்த சின்னக் கோபம் ஒன்று வெளியே வந்தது. இத்தனைக்கும் நான் மட்டும் ஏச்சு வாங்க வேண்டுமா?

"அம்மா, ஊரிலை என்னை மட்டுமில்லை, உங்களையும்தான் கதைக்கினம். தாய் ஒண்டும் பழக்கேல்லையாம்."

"ஆர் சொன்னது? அந்த மனிசியோ?"

"ஓம்."

கார்ட் முடிந்துவிட்டதென்று நினைத்தேன். ஒரு கிளெமென்டைன் இல்லாமல் டப்பாவைத் திருப்பாத மனிசியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பிள்ளைக்கு முட்டை குடுக்கிறாவோ?" என்றார் அம்மா.

"குடுக்கிறா. நான் வேலியாலை பாத்தனான்."

"அப்ப சொல்லட்டும்" என்றார். "நல்லாச் சொல்லட்டும்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முதலில் இருமல் என்று நினைத்தேன். அம்மா அழுதார். அப்பா செத்தபோதும் ஆட்களுக்கு முன்னால் அழாத மனிசி, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, ஸ்பீக்கரில் அழுதார். நானும் பாறையில் நின்று அழுதேன். கீழே இரண்டு பெண்கள் விறகோடு போகும்போது நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடைசியில் ஓல்னே அன்ரியின் குரல்தான் கேட்டது.

"பிள்ளை, வையும். கொம்மா முருங்கைக்காயைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறா, இஞ்சை லைன் மெத்ரோ வாசல்வரைக்கும் போட்டுது. நான் பாத்துக்கொள்ளுறன்."